முன்பே பதில் உண்டு

ஞாயிறு மூன்று மணிக்கு
பெஞ்சூரு விடுதிக் கேன்டீன் ஓரத்தில்
சதுர பிஸ்கட் டின்னைக் கவிழ்ப்போம்.
வாரம் முழுக்க ஆட்கள் போட்ட கேள்விகள்
சிமெண்டு மூட்டையின் கிழிசலில்,
பணம் அனுப்பிய ரசீதின் முதுகில்,
ஒருமுறை ஒற்றைக் கையுறையின் மேலேயே.

நாங்கள் நால்வர்.
சட்டம் என்றால் முகைதீன் பிச்சை,
மருந்து, எக்ஸ்ரே என்றால் ஈசூனிலிருந்து வரும் ஜெசிந்தா,
பேங்க், பஸ், சிம் கார்டு பொன்னிவளவன்.
எனக்குப் பதில் எழுதும் அறிவு போதாது.
நான் ரப்பர் முத்திரை வைத்திருப்பவன்.

முன்பே பதில் உண்டு.
சுவரைப் பார்க்கவும்.

சுவரில் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்,
எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு.
எந்த வேலைத்தளத்திலும்
இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.
விதிகளும் அங்கேயே:
சீட்டுக்கு ஒரு கேள்வி. தேதி போடு.
'அண்ணா வணக்கம் நலமா' வேண்டாம்.

விதியில்லாமலும் ஓட்டிப் பார்த்தோம்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
நாளைக்கு மழை வருமா,
ஃபோர் டிக்கு எந்த நம்பர் எடுக்கலாம்,
ஒரே கேள்வி ஒன்பது கையெழுத்தில்.
முகைதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்,
அடுத்த மூன்று ஞாயிறு வரவில்லை.
விரல் நசுங்கிய ஒருவனின் சீட்டு
லாட்டரி எண்களுக்கு அடியில் கிடந்தது
அந்த மூன்று வாரமும்.
நாங்கள் அதை எடுத்தபோது
அவனை விமானம் ஏற்றியிருந்தார்கள்.

ஆகவே முத்திரை.
ஆகவே நான்.

ஜூனில் ஒரு சீட்டு. தடித்த பென்சில்.
'சம்பளம் எப்ப அண்ணா'
பெயரில்லை, தேதியில்லை.
பதினேழாம் தாளில் இருக்கிறதே,
மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் என்று.
டப்பென்று குத்திப் பலகையில் செருகினேன்.

மறுவாரம் அதே பென்சில்:
'சுவத்துல பாத்தேன். சம்பளம் எப்ப'
டப்.

மூன்றாம் வாரம்
'மன்னிக்கவும்' மட்டும்.

கேள்வி இல்லாத சீட்டை
என்ன செய்வதென்று விதியில் இல்லை.
முத்திரையைத் தூக்கிய கை
தூக்கியபடியே நின்றது.
நான் வந்த முதல் நாள்,
எங்கே போகணும் என்று கேட்டதற்கு
போர்டைப் படி என்றான் மேற்பார்வையாளன்.
நான்கு மொழி போர்டு.
அதில் என் மொழி மட்டும்
கொம்பும் காலும் கழன்று
கட்டம் கட்டமாய்க் கிடந்தது.

தடித்த பென்சில் தச்சர்கள் காதில் இருக்கும்.
மூன்றாம் மாடி ஏறினேன்.
பலகை அடிக்கிறவர்கள் அறையில்
மேல்கட்டிலில் இருந்து இறங்கினான் தவமுருகன்,
வந்து நான்கு மாதம்.
'ஏழு நாள்னு படிச்சேண்ணே.
எழுபது நாள் ஆச்சு.
அதை எப்படிக் கேள்வியா எழுதறதுன்னு தெரியல.'

முகைதீன் அன்றே எட்டுப் பக்கம் எழுதினார்.
பொன்னிவளவன்தான் கேட்டான்:
ஒவ்வொரு சீட்டுக்கும் மாடி ஏறுவியா?
வாரத்துக்கு அறுபது வருது.
மாட்டேன் என்றேன்.
அதுவும் உண்மை.
அடுத்த வாரமும் குத்தினேன், நாற்பத்தொன்று.

முத்திரையை மட்டும் மாற்றச் சொன்னேன்.
மூன்றாவதாக ஒரு வரி:
சுவரில் இருப்பது உன் கேள்வி இல்லையென்றால்
திரும்ப எழுது.
எழுத்து ரொம்பச் சின்னதாகிடும் சார்
என்றார் கடைக்காரர்.
ஆகட்டும் என்றேன்.

இந்த ஞாயிறு ஒரு சீட்டு.
நீல மை, மேலே தேதி,
வணக்கம் இல்லை, ஒரே கேள்வி:

முத்திரையின் மூன்றாவது வரியில்
என்ன எழுதியிருக்கிறது?