ஆறும்வரை

எட்டாவது மாடி.
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும், இறங்க இலவசம்.
திபிலீசியில், இந்தக் கிள்தானிக் குடியிருப்பில்
என்னைப் போன்ற சுமைக்காரனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அது.

நெஸ்தானும் பாத்ரியும்
பதினொரு வருஷத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
தட்டு பன்னிரண்டு: ஆறு இவளுக்கு, ஆறு அவனுக்கு.
தம்ளரும் அப்படியே.
கடைச் சாமானுக்குப் பாகப்பிரிவினை சுலபம்,
ஒன்றைப் போலவே இன்னொன்று,
கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.
சோபாவை "நீயே வைத்துக்கொள்" என்றான்.
டிவியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுப்படியில்தான் வேலை நின்றது.

ஒரு மண்சட்டி. கெத்சி என்போம்.
வட்டம் என்று சொல்லலாம்,
ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கிறது.
விளிம்பில், வனைந்தவளின் கட்டைவிரல் அழுந்திய குழி.
அடியில் விரிசல். சுற்றிலும் கம்பி கட்டி இறுக்கியிருந்தது.

"ரிக்கோத்தி மலைச்சாலையில், அந்த மழையில்,
வண்டியை நிறுத்தச் சொன்னது நான்."
"விலை பேசியது நான்."
"நீ பேசப் பேச அவள் சிரித்துக்கொண்டே ஏற்றினாள்."
"விரிசல் என்னுடையது" என்றான்.
கல்யாணமான முதல் மாசம்
அடுப்பிலிருந்து எடுத்ததைச் சுடச்சுடக்
குழாயடியில் நீட்டியிருக்கிறான்.
"கம்பி என்னுடையது" என்றாள்.

அந்தக் குழியில் விரல் வைத்துக் காட்டினாள். பொருந்தியது.
அவனும் வைத்தான்.
அவனுக்கும்.
அவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது நானும் வைத்துப் பார்த்தேன்.
பெட்டி தூக்கித் தடித்த விரல், பாதிதான் இறங்கியது.
இருந்தும் எடுக்க மனம் வரவில்லை.

மணி இரண்டு. எல்லாருக்கும் பசி.
மற்ற பாத்திரமெல்லாம் பெட்டிக்குள், டேப் ஒட்டியாகிவிட்டது.
வெளியே கிடந்தது அந்தச் சட்டியும் அரைப் பை சோளமாவும்.
அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.
அவன் யாரும் சொல்லாமலே மாவு பிசைந்தான்.
வெந்நீர் போதாது என்றாள்.
போதும் என்றான்.
போதவில்லை.

நாங்கள் நாலு பேர், என் கூட்டாளி மல்ஹாஸோடு சேர்த்து,
வெறுந்தரையில் உட்கார்ந்து
மேலோடு வெடித்த ரொட்டியைக் கையால் பிட்டு
உப்புக்கரிக்கும் பாலாடைக்கட்டியோடு தின்றோம்.
ரொட்டியின் அடியில் அந்த விரிசல்
ஒரு கோடாகப் பதிந்திருந்தது.
அது யார் துண்டில் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்போது சட்டி அடுப்பின் மேல்.
சூட்டோடு சுற்றினால் காகிதம் கருகும்.
தண்ணீர் ஊற்றினால் என்னவாகும் என்று
இங்கே எல்லாருக்கும் தெரியும்.
மண் அவ்வளவு லேசில் ஆறாது.
இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு
எதிரெதிரே நிற்கிறார்கள்.
அவள் கையில் பழைய செய்தித்தாள்.
அவன் கையில் ஒன்றுமில்லை.

மல்ஹாஸ் கீழே போய்
வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான்.
காத்திருந்தால் மணிக்கணக்கில் கூலி உண்டு, முதலிலேயே சொல்லியிருந்தேன்.
கடிகாரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.