எடைமேடை, இரவு ஷிப்ட்

பீடோரிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர்.
செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளுக்கு
ஆலை வாசலில் ஓர் எடைமேடை.
ராத்திரிக்கு அதன் கண்ணாடிக் கூண்டில் நான்,
ஒரு காற்றாடி, ஃபிளாஸ்க் நிறையக் கோப்பி ஓ.

பத்துப் பத்தாகத்தான் காட்டும் இந்தத் தராசு.
பூனை ஏறிப் படுத்தாலும் அசையாது.
பொங்கல் கழிந்த புதன்கிழமை, மூன்றேகாலுக்கு
காலி மேடை
நாற்பத்தேழு என்றது.

எட்டிப் பார்த்தேன். விளக்கு. ஈசல். இரும்புத் தகடு.
கேட்காமலே சீட்டு அச்சானது,
வண்டி எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
பிறகு பூஜ்யம்.

ஈப்போவிலிருந்து வந்த சோங்
எடைக்கட்டிகளை ஏற்றி இறக்கி
எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுப் போனான்.
அடுத்த புதனும் நாற்பத்தேழு.
மாசியில் நாற்பத்தெட்டு. சித்திரையில் ஐம்பது.
சாப்பாட்டுக்குக் குறைவில்லை போல என்று
தனியே சிரித்துக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாக.

ஆடியில் ஐம்பத்தாறு.
சிரிப்பு வரவில்லை.
கனகவல்லியின் கிளினிக் அட்டையில்
இதே ஏற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்,
ஏழாம் மாதம் வரைக்கும்.

லோரிக்கார அஸ்மானிடம் சொன்னேன்.
வாய்வரை வந்த ஒரு பெயரை விழுங்கிவிட்டு
வாழை மரத்துப் பக்கம் ஒதுங்காதே என்றான்.
இங்கே வாழையே கிடையாது என்றேன்.
அதற்கும் அவனிடம் பதில் இல்லை.

புரட்டாசி. மழை பிடித்துக்கொண்ட இரவு.
போன வாரம் ஐம்பத்தெட்டு காட்டியது
ஐம்பத்தைந்து என்றது.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மூன்று.

மூன்று கிலோ.
எண்ணெய்ப் பிசுக்கேறிய தகட்டின் மேல்,
கொட்டுகிற மழையில், தனியாக.
ஆபீஸ் பின்னால் குழாய் திறக்கும் சத்தம்.
வாளியில் தண்ணீர் விழும் சத்தம்.

ஏன் வெளியே போனேன் தெரியாது.
தகட்டில் கால் படாமல் ஓரமாய் நின்று
எட்டுகிற மட்டும் கையை நீட்டிக்
குடையைப் பிடித்தேன்.
எங்கே பிடிக்க வேண்டும் என்றும் தெரியாது.
என் முதுகெல்லாம் நனைந்தது.

குழாய் நின்றது.
வெளிப்பலகையில் சிவப்பாய்
ஐம்பத்தைந்து.

பின்னால் அஸ்மான் ஹாரன் அடித்தான்,
பதினாலு டன் குலையோடு.
கை காட்டி நிறுத்தினேன்.
யாருக்காக என்று கத்தினான்.
தராசு சரியில்லை என்றேன்.
பூஜ்யம் வரட்டும்,
அவசரமில்லை.