மூன்றாவது கட்டி

சிலாவோஸில் இரவு இரண்டு மணி. மூடுபனி.
மருத்துவக் கூடாரத்தில் யாரோ ஒருவரின்
குதிகால் கொப்புளத்தை ஊசியால் திறந்துகொண்டிருக்கிறேன்.
சரிவில் நெற்றிவிளக்குகள் இறங்குகின்றன,
அதில் ஒன்று என் தம்பி ழொரிஸ்.

போன வருஷம் ஆய்வகத்துக்கு
இருவரும் எச்சில் துப்பிக் கொடுத்தோம்.
அவனுக்கு ஓரிடத்தில் ஓரெழுத்து மாறியிருக்கிறது:
களைப்பு அவன் தசைக்குத் தாமதமாய்த்தான் கேட்குமாம்.
எனக்கு வேறோரிடத்தில்:
கணையம் சீக்கிரம் கடையைச் சாத்திவிடலாம்.
‘லாம்’ என்றுதான் போட்டிருந்தார்கள்.
சாத்திவிட்டது.
கரும்புக்காட்டை ஒட்டியே எங்கள் வீடு,
நான் சர்க்கரையை எண்ணித் தின்பவள்.

தலையெழுத்து என்றாள் அம்மா.
தலையில் மட்டுமில்லையம்மா,
வெட்டிப்போட்ட நகத்திலும் அதே எழுத்து.

மூன்றேகாலுக்கு வந்தான்.
உதடு நடுங்குகிறது, என் பேரையே தப்பாகச் சொல்கிறான்.
விரலைக் குத்தினேன்: அரை கிராமுக்குக் கீழே.
எழுபது கிலோமீட்டர்
எழுத்தையெல்லாம் தின்றுவிட்டிருந்தது.

இன்சுலின் மிகுந்துபோனால் என்று
என் பையில் மூன்று சர்க்கரைக் கட்டிகள் எப்போதும் இருக்கும்.
இரண்டை அவன் நாக்கில் வைத்தேன்.
குதிரைபோல் நறநறவென்று மென்றான்.
அரை மணி கழித்து என் பேர் சரியாக வந்தது.
ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு
தைபீ கணவாய்ப் பக்கம் போயே போனான்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.
விடிய இன்னும் நேரமிருக்கிறது.