அறுபத்து மூன்று புள்ளி நான்கு

பதினொரு மாதம் இறங்கிக்கொண்டே இருந்தேன்.
திங்கள்தோறும் அலுவலகத்தில்
"இன்னும் எவ்வளவு?" என்பாள் மரிசெல்.
சொன்னதும் கைதட்டுவாள்.

இப்போது கேட்பதில்லை.
அறுபத்து மூன்று புள்ளி நான்கு.
நேற்றும் அதே. போன புதனும்
ஏறக்குறைய அதே.

சோறு நிறுக்கும் தராசை
மேலடுக்கில் ஏற்றிவிட்டேன்.
கை மட்டும் இன்னும்
குக்கருக்கும் தட்டுக்கும் நடுவே
கொஞ்சம் தயங்குகிறது.

பழைய ஜீன்ஸ் இரண்டில்
ஒன்றைக் கொடுத்தாயிற்று.
மற்றது எதற்கென்று கேட்டான் மகிழ்நன்.
பதில் சொல்லவில்லை.

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
வீட்டுக்குள் இருபத்தொன்று,
இரவு முழுக்க அதே இருபத்தொன்று.
ஒன்றுமே நடக்காதது போலிருக்கும்.
தூக்கம் வராமல் கிடந்தால்தான் கேட்கும்:
பேஸ்மென்டில் ஃபர்னஸ்
மூச்சிழுத்து எரிகிறது,
அணைகிறது,
திரும்ப எரிகிறது.

காலையில் தோசை.
மூன்றாவதைப் போடும்போது எண்ணினேன்.
எண்ணிவிட்டுத் தின்றேன்,
சுடச்சுட, தேங்காய்ச் சட்னியைத் தாராளமாய்த் தொட்டு.
பிறகு பனிக்காலணி மாட்டிக்கொண்டு
வாசலெதிரே நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு
அடுத்த நிறுத்தம் வரை நடந்தேன்.
இமையில் பனி ஒட்டியது.
நாளைக்கும் இதேதான்.