இரண்டாவது திருகாணி

ஹன்ட்லி மைதானத்தில் எல்லோரும் நம்புகிறார்கள்
என் ஹெலிகாப்டரை வீழ்த்தியது மேக்பை என்று.
நான்தான் சொன்னேன்.
அக்டோபர், குஞ்சு காக்கிற மாதம்.
அது வந்தது உண்மை,
கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தரம்
வாலைச் சுற்றிவிட்டுப் போனதும் உண்மை.
மிச்சத்தை வாய் சேர்த்துக்கொண்டது.

"பாவி" என்றார் நெவில், பறவையைப் பார்த்து.
சிதறிய துண்டுகளைத் தன் தொப்பியில்
பொறுக்கித் தந்தார்.

பதினான்கு மாத வேலை.
நெருப்பணைக்கிற ஹெலிகாப்டர், ஏழில் ஒரு பங்கு.
வயிற்றில் தண்ணீர்த் தொட்டி,
கதவில் நிஜமாகவே திறக்கிற தாழ்ப்பாள்.
ஆணித் தலைகள் மட்டும் இரண்டாயிரத்து நானூறு:
ஊசி முனையில் வெள்ளைப் பசை தொட்டு
ஒவ்வொன்றாய் வைத்த பொட்டு.
ஒரு வரிசை கோணிப்போய்
ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தேன்.
விமானி பொம்மைக்கு முகம் வரைந்தேன்.
"உங்கட மச்சான் மாதிரிக் கிடக்கு" என்றாள் தர்மினி.
மீசையை அழித்தேன்.

விழ எடுத்த நேரம்
ஒரு தும்மல்.

நெவிலுக்குச் சொன்னது மேக்பை.
எனக்கு நானே சொல்லிக்கொண்டது கட்டைவிரல்.
மூக்கு நம் பக்கம் திரும்பிவிட்டால்
அதன் இடம் நம் வலம்.
நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தே
பெண்டிகோவில் பஸ் ஓட்டுகிறவனுக்கு
இது தெரியாதா?
தெரியும். விரலுக்குத்தான் தெரியாது.
அப்படியே இரண்டு மாதம் விரலைத் திட்டினேன்.

ஜனவரியில் கராஜ் ஓர் அடுப்பு.
ஐந்து நிமிடப் பசை இரண்டு நிமிடத்தில் இறுகியது.
ஒரு மதியம் நிஜமானதே
கூரைக்கு மேலாகப் போனது, புகையைத் தேடி.
ஓடி வந்து அண்ணாந்து பார்த்தேன்.
வாலில் சிவப்புக் கோடு
நான் அடித்ததைவிடத் தடிமன்.
எங்கே எரிகிறது என்று கேட்கத் தோன்றியது
உள்ளே வந்து கோட்டை அளந்த பிறகுதான்.

மூக்கைப் பிளந்து
கண்ணாடி நார்த்துணி ஒட்டப்போன இரவு
உள்ளே ஏதோ உருண்டது.
இரண்டு மில்லிமீட்டர் திருகாணி.
பிய்ந்து வந்திருந்தால் புரியில் காயம் இருக்கும்.
இதில் ஒரு கீறல் இல்லை.
தானாய்க் கழன்று,
அவசரமே இல்லாமல்
இறங்கி வந்திருக்கிறது.

சர்வோ மூன்று, அதன் கைகள் மூன்று,
கைக்கொரு திருகாணி.
முதலாவதின் புரியில்
காய்ந்த நீலப் பசை, சரியாக.
மூன்றாவதிலும்.
இது மட்டும் பளிச்சென்று
கடையில் வாங்கியபடி.

அப்போது ஞாபகம் வந்தது.
நைட் ஷிஃப்டிலிருந்து தர்மினியின் போன்:
"ஃப்ரீசருக்குள்ள இருக்கிற கோழியை
எடுத்து வெளியில வையுங்கோ."
எடுத்து வைத்தேன்.
கை கழுவினேன்.
வந்து உட்கார்ந்து மூன்றாவதில் தொடங்கினேன்.

பழியை ஒரு பறவையிலிருந்து
இன்னொரு பறவைக்கு மாற்றலாமா என்று
கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தேன்.
கறி நன்றாகத்தான் இருந்தது அன்றைக்கு.

ஒரு சொட்டு. கடுகில் கால்வாசி.
வைத்தேன்.
மற்ற இரண்டையும் கழற்றி
அவற்றுக்கும் புதிதாக வைத்தேன்.
போனை வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்து
எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினேன்.

மார்ச்சில், மறுபடி பறக்கவிடும் காலையில்
நெவில் ஒரு ஹெல்மெட்டுடன் வந்தார்.
சுற்றிலும் பிளாஸ்டிக் கட்டு நாடாக்கள்
முள்ளம்பன்றியாய் நிமிர்ந்து நின்றன.
"ராத்திரி உனக்காகச் செய்தேன்."
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
அதற்குள் அவர் என் தாடைக்குக் கீழே
வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

தலையெல்லாம் முள்ளாக நின்றேன்.
வேலிக் கம்பத்தில் அது.
குஞ்சுகள் பறந்துபோய் மாதங்களாகிவிட்டன,
யாரையும் கொத்தும் வேலை இல்லை அதற்கு.
சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

விசிறி சுற்றத் தொடங்கியதும்
மூக்கை அந்தப் பக்கம் திருப்பினேன்.