பதினேழு சுற்று

ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அகலத்துக்கு
எதுவும் நடக்காது.
அதற்கப்புறம்தான்
நான் திருப்புகிறேன் என்பதே வண்டிக்குத் தெரியும்.

சுங்கை காடுட்டில்
மரத்தூள் பறக்கும் சந்துக்குள்
பூன் கியட்டின் பட்டறை.
முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி
இரு கையாலும் பிடித்து உலுக்கினார்.
கடக். கடக்.
“கோயாங்” என்றார்.
ஆட்டம் என்றேன் நான்.
ஒரே சத்தத்துக்கு இரண்டு பெயர்,
பில் மட்டும் ஒன்றுதான்.

டை ராடு முனைகள் நான்கும் போயிருந்தன.
ஐட்லர் ஆர்ம் எப்போதோ போய்விட்டது,
சொல்லவில்லை, அவ்வளவுதான்.
ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில்
கிராஞ்சிச் சேறு, காய்ந்து,
நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.
அதில் என் கீரைத் தோட்டத்துச் சேறும் இருக்கும்.

“அடுத்த ஆகஸ்டில் இரும்புக்குப் போகிற வண்டி.
ஐந்து வருஷ சிஓஇ, இனி நீட்டிக்க முடியாது.
பதினான்கு மாதம். மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது பாருங்கள்”
என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
பார்த்தேன்.
பழைய சாமான் கிடைக்குமா என்று கேட்க வாய் வந்தது.
புதிதாகவே போடுங்கள் என்றேன்.
பதினான்கு மாதமும்
நேராகப் போக வேண்டியதுதானே.

கழற்ற வரவில்லை.
ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியும்
மறுநாள் அசையவில்லை.
ரபியுல் இரண்டு சுத்தியல்களோடு கீழே படுத்தான்.
ஒன்றைப் பின்னால் அணைகொடுத்து
இன்னொன்றால் பக்கவாட்டில் அடித்தான்.
ஆணியை அடிக்கக்கூடாதாம்,
ஆணி உட்கார்ந்திருக்கும் காதைத்தான் அடிக்க வேண்டுமாம்.
அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை
வங்காளத்தில் எப்படிச் சொல்வது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
ஏழாவது அடியில்
டொக்கென்று விழுந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல்.

பிறகு சுற்றிச் சுற்றி எடுத்தான்,
ஒவ்வொரு சுற்றையும் உரக்க எண்ணி.
ஏக், துய், தின்…
எத்தனை சுற்றில் வெளியே வந்ததோ
அத்தனை சுற்றில் புதியது உள்ளே போக வேண்டும்.
இடதுபக்கம் ஷொத்தேரோ, பதினேழு.
வலதுபக்கம் பதினேழில் நிற்கவில்லை.
பதினெட்டு, இருபது,
இருபத்திரண்டில்தான் கையோடு வந்தது.

ரபியுல் என்னைப் பார்த்தான்.
நான் பூன் கியட்டைப் பார்த்தேன்.
அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.
அதன் குறுக்குக்கட்டை இடப்பக்கம்
கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், எப்போதும்.
வாங்கிய நாளிலிருந்து
அதைத்தான் நேர் என்று வைத்திருந்தேன்,
ஒன்பது வருஷமாக.

“பழைய எண்ணிக்கையைப் போட்டால்
பழைய கோணல்தான் வரும்.”
நாலு சக்கரத்தையும் ஒட்டி
மீன்பிடி நைலானை இழுத்துக் கட்டினார்.
நூல் பிடித்த மாதிரி என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்,
யாராவது நூல் பிடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பில்லில் என் பெயருக்குக் கட்டம் போதவில்லை.
மேடம் தையல்நா
என்பதோடு நின்றிருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்கால், லிம் சூ காங் சாலை.
அவசரமென்றால் போர்விமானம் இறங்குவதற்காக
வளைவே இல்லாமல் போட்ட சாலை.
பக்கத்தில் கல்லறைகள், பாதி வெளிச்சம்.
வழக்கம்போல் வலது பக்கம் இரண்டு விரல் திருப்பினேன்.
வண்டி உடனே கேட்டது.
பயந்து இடது பக்கம் இழுத்தேன்,
அதையும் கேட்டது.
பின்னால் மீன் லாரிக்காரன்
ஹார்னில் கைவைத்தவன் எடுக்கவில்லை.
சாலை நேராகத்தான் கிடந்தது.
வண்டியும் நேர்தான்.
பாம்புபோல் போனது நான்.

தோட்டத்து வாசலில் இஞ்சினை அணைத்தேன்.
சுலைகா கூடைகளோடு வந்து
கண்ணாடியைத் தட்டி
வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.
ஆகிவிட்டது என்றேன்.
நின்ற வண்டியில்
என் கை இன்னும் திருப்பிக்கொண்டிருந்தது,
இடம் இரண்டு விரல்,
வலம் இரண்டு விரல்.