காரணம் என்ற பத்தி

மெடெயின் மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடக் கூடம்.
ஓரம் சுருளாமல் நான்கு செருப்புகளை வைத்து
ஓடையின் வரைபடத்தை விரித்திருக்கிறோம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
எழுதிக்கொள்வது என் வேலை.

பேருந்து ஓட்டும் எடில்பெர்த்தோ
படத்தைப் பார்க்கவேயில்லை.
முழங்காலைத் தட்டினார்: "இது மே மாதம்."
இடுப்பைத் தட்டினார்: "இது போன நவம்பர்."
இடுப்பை எந்தப் பத்தியில் எழுத?

"தண்ணீர் அந்த வழியாக வரவில்லை,
கோழிக்கடைக்குப் பின்னாலிருந்து வந்தது"
என்றாள் நொஹெமி.
பொறியாளர் ஹிமேனா அழிப்பானைத் தேடினார்,
பிறகு எச்சில் தொட்டுத் தேய்த்தார்
நீலப் பென்சில் கோட்டை.

திட்டம் மூன்று. பச்சை வில்லை ஆளுக்கொன்று.
மதிலை உயர்த்தலாம்.
மேலே குளம் வெட்டலாம்.
இல்லை, பதினொரு வீடுகளை எடுத்துவிட்டு
ஓடைக்குக் கால் நீட்ட இடம் விடலாம்.

வில்லையை விரல்நுனியிலேயே வைத்திருந்தாள் நொஹெமி.
தகரக் கூரையில் தூறல் விழுந்தது.
பேச்சு நின்று எல்லோரும் மேலே பார்த்த நேரத்தில்
மூன்றாவதில் ஒட்டிவிட்டாள்.

பதினொன்றில் ஏழாவது அவளுடையது.

"காரணம் என்று என்ன போடட்டும்?"

"வாசலில் இருக்கிற படி என் தம்பி பற்றவைத்தது.
கழற்றிக்கொண்டு போக விடுவார்களா, கேள்."

எழுதினேன்:
இரும்புப் படி, பதினான்கு.